வீடில்லா மக்கள், மக்களில்லா வீடுகள்!

"இக்காலத்து இளைஞர்களுக்குச் சிக்கனம் தெரியவில்லை. நாங்கள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி வீடு கட்டினோம். இவர்களோ கைப்பேசியும் காப்பிக்கடையுமாகக் காசைக் கரைக்கிறார்கள்!" இப்படி ஒரு பேச்சு, வீட்டுத் திண்ணை முதல் தொலைக்காட்சி மேடை வரை உலவி வருகிறது.

வயதில் மூத்தோர் ஆதங்கத்தால் இதைச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மனை வாணிபத்தில் கொழுத்த கனவான்களும், அவர்களுக்குக் கவரி வீசும் பொருளாதாரப் புலவர்களும் இதே பல்லவியைப் பாடும்போது, வாளாவிருக்க நம்மால் இயலாது. ஏனெனில் இது அறிவுரையன்று; பழி. பறிகொடுத்தவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தந்திரம்!

கணக்குப் பார்ப்போம், தோழர்களே! ஐம்பது லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு சிறு வீடு. அந்தத் தொகைக்கு அண்ணா நகரிலோ அடையாறிலோ நல்ல வீடு கிடைக்காது என்பதை அறிந்தே இதை எடுத்துக்கொள்வோம். வங்கி நூற்றுக்கு எண்பதுதான் தரும். மீதிப் பத்து லட்சம் கையிலிருந்து வர வேண்டும். மறுவிற்பனை வீடானால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று நூற்றுக்கு 9, அதாவது நாலரை லட்சம் தனி. ஆகப் பதினாலரை லட்சம் ரொக்கம் இருந்தால்தான் வாசற்படியையே மிதிக்கலாம்.

அதன் பிறகு? நாற்பது லட்சம் கடன், ஆண்டு வட்டி எட்டரை, தவணைக் காலம் 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 34,700 ரூபாய்க்கு மேல். முடிவில் செலுத்தியிருக்கும் தொகை 83 லட்சத்துக்கு மேல். வாங்கிய கடனைவிடக் கொடுத்த வட்டி அதிகம்! மாதம் நாற்பதாயிரம் ஈட்டும் ஓர் இளைஞன் இந்தத் தவணையைக் கட்டினால், உண்ணவும் உடுக்கவும் பெற்றோரைப் பேணவும் அவனிடம் எஞ்சுவது ஐயாயிரத்துச் சொச்சம். அவன் காப்பி குடிப்பதை நிறுத்திவிட்டால் பதினாலரை லட்சம் சேர்ந்துவிடுமா?

"அந்நாளில் வட்டி இதைவிட அதிகமாயிற்றே!" என்று எதிர்வாதம் புரிவோர் உண்டு. உண்மை, 1990களில் வட்டி இன்றையதைவிட அதிகந்தான். ஆனால் அன்று விலை சிறிது. ஆகவே கடனும் சிறிது. நிலையான வேலை இருந்தது. சம்பளம் ஏற ஏறத் தவணை இலேசாயிற்று. இன்றோ ஒப்பந்தக் கூலியாக, எந்த நாளில் வேலை போகுமோ என்று அஞ்சி வாழ்பவன் இருபதாண்டுக் கடனுக்குக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது.

மூத்தோர் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் மறந்துவிட்ட ஒன்றை நினைவூட்டுவது நம் கடமை. அவர்களுள் பலருக்குப் பின்னால் அரசாங்கம் நின்றது. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுவசதி வாரியம் அமைந்தது. அசோக் நகரும், கலைஞர் கருணாநிதி நகரும், அண்ணா நகரும் பெருமளவில் வாரியத்தின் கையால் எழுந்தவை. நிலத்தை அரசு கையகப்படுத்திற்று, மனை வகுத்தது, குறைந்த வருவாயினர்க்கும் நடுத்தர வருவாயினர்க்கும் தவணை முறையில் வீடு தந்தது. அந்த ஏணியில் ஏறியவர்கள், ஏணி அகற்றப்பட்ட பின் கீழே நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "உனக்கு ஏறத் தெரியவில்லை" என்று சொல்வது நியாயமாகுமா?

செங்கல்லும் சிமெண்டும் விலை ஏறியதை மறுப்பாரில்லை. ஆனால் ஒரே செங்கல்லால், ஒரே சிமெண்டால், ஒரே அளவு வீட்டை ஆரணியில் கட்டினால் ஒரு விலை. அடையாறில் கட்டினால் பன்மடங்கு விலை. வேறுபாடு சுவரில் இல்லை. சுவர் நிற்கும் மண்ணில் இருக்கிறது. அந்த மண்ணின் மதிப்பை உயர்த்தியது யார்? 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலை அகன்று ராஜீவ் காந்தி சாலையாயிற்று. 2015இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிற்று. பணம் பொதுமக்களுடையது, வியர்வை தொழிலாளியினுடையது, பலனோ, பக்கத்தில் நிலத்தை முடக்கிப்போட்டு வேலியிட்டுக் காத்திருந்தவனுக்கு! ஒரு கூடை மண்ணும் சுமக்காதவன் கோடிக்கு அதிபதியானான்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. நகர்ப்புற நில உச்சவரம்புக்கு 1976இல் மத்தியச் சட்டமும், 1978இல் தமிழ்நாட்டுச் சட்டமும் வந்தன. விலக்குகள் மலிந்தன, ஓட்டைகள் நிறைந்தன. 1999இல் இரண்டையும் நீக்கிவிட்டார்கள். ஓட்டையை அடைக்க வேண்டியவர்கள் பானையையே உடைத்தார்கள்!

டில்லி ஆட்சியினர் பரிவு யார் பக்கம் என்பதற்கு இன்னொரு சான்று. 2019இல் இரண்டு சலுகைகளை அறிவித்தார்கள். ஒன்று, முதல் வீடு வாங்குவோர்க்கு: 45 லட்சத்துக்கு மேற்படாத வீடானால், கடன் வட்டியில் கூடுதலாக ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு. மற்றொன்று, இரண்டு வீடு உடையோர்க்கு: இரண்டாவது வீட்டில் வாடகை வந்ததாகப் பாவித்து விதித்துவந்த வரி இனி இல்லை. முடிவென்ன? 2022 மார்ச் 31க்குப் பின் கடன் பெற்றவர்களுக்கு முதற்சலுகை கிடையாது. இரண்டாவதோ, 2025 வரவு செலவுத் திட்டத்தில் நிபந்தனைகளும் நீங்கி மேலும் விரிந்தது. ஒரு வீட்டுக்கு ஏங்குபவனின் சலுகை செத்தது. இரண்டு வீடு உடையவனின் சலுகை செழித்தது. இதற்குப் பெயர் நிதி நிர்வாகமாம்!

ஆகவேதான் இந்தக் கொடிய காட்சி. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேல். 2012இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு மதிப்பிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை ஏறத்தாழ ஒரு கோடியே 88 லட்சம். அதில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் நலிந்த பிரிவினரும் குறைந்த வருவாயினரும். ஒருபுறம் வீடில்லா மக்கள். மறுபுறம் மக்களில்லா வீடுகள்! வீடு குடியிருப்பதற்கு என்பது போய், பணம் பதுங்கியிருப்பதற்கு என்றாகிவிட்டது.

மாற்று வழி இல்லையா? சிங்கப்பூரைப் பாருங்கள். அது செங்கொடி பறக்கும் நாடன்று, முதலாளித்துவ நாடு. அங்கே 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1966இல் நிலக் கையகச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று அந்நாட்டுக் குடியினரில் பத்துக்கு ஏறத்தாழ எட்டுப்பேர் கழக வீடுகளில் வாழ்கின்றனர். நம் தமிழர்களும் அவர்களில் உண்டு. அங்கும் குறைகள் உண்டு, விலையேற்றமும் உண்டு. எனினும், நிலம் அரசின் கையில் இருந்தால் சாதாரணக் குடும்பத்துக்கும் கூரை கிடைக்கும் என்பதற்கு அது கண்கண்ட சான்று.

நமது கோரிக்கை தெளிவானது. பொது நிலத்தில், பொதுப் பணத்தில், உழைப்போர் வருவாய்க்கு ஏற்ற தவணையில் அரசே வீடு கட்டித் தரட்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் முடக்கி வைத்த மனைக்கும் வரி விதிக்கட்டும். சாலையும் ரயிலும் ஏற்றிய நில மதிப்பில் ஒரு பங்கு பொதுக் கருவூலத்துக்குத் திரும்பட்டும். இரண்டாம் வீட்டுக்குக் காட்டும் கருணையை முதல் வீட்டுக்குத் திருப்பட்டும்.

தோழர்களே! இந்தக் கணக்கை வீடு வீடாகக் கொண்டு செல்லுங்கள். தந்தை மகனைச் சோம்பேறி என்கிறார். மகன் தந்தையைத் தன்னலக்காரர் என்கிறான். இருவருமே குற்றவாளிகள் அல்லர். இவர்கள் வாசலில் நின்று வழக்காடும் வேளையில், கொல்லைப்புற வழியாக மண்ணைக் கவர்ந்து செல்பவன் ஒருவன் இருக்கிறான். அவனைச் சுட்டிக்காட்டுவோம். தந்தையும் மகனும் ஓரணியில் நின்று கேட்கும் நாள் வரட்டும். எந்த ஆட்சியும் அன்று பதில் சொல்லியே தீர வேண்டும்!