அறுபதுக்குப் பிறகும் ஆயில் மாற்றலாம், படுக்காமல்

அமெரிக்கப் புறநகர்களில் விடுமுறை நாள் காலையில் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பது பழகிய காட்சி. எஞ்சின் ஆயிலைத் தானே மாற்றுவது அங்கே பல வீடுகளில் தலைமுறைப் பழக்கம். வயது ஏறினாலும் ஆயில் மாற்றுவது கடினமல்ல. தரையில் படுத்தவர் எழுந்திருப்பதுதான் பெரும்பாடு.

அதற்காக வேலையையே கைவிட வேண்டுமா? படுப்பதைக் கைவிட்டால் போதும். டிப்ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய குழலை இறக்கி, பழைய ஆயிலை மேலிருந்தே உறிஞ்சும் கைப்பம்பு கடைகளில் கிடைக்கிறது. சுபாருவின் புதிய எஞ்சின்கள் பலவற்றில் ஃபில்டரும் மேலேயே இருப்பதால் பானெட்டைத் திறந்து, நின்றபடியே கழற்றிவிடலாம். ஃபில்டர் அடியில் இருந்தால் கதை வேறு. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழைவது இருபது வயதிலும் முட்டாள்தனம். காரைத் தாங்கும் ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் மெக்கானிக்கிடம் போவதே மேல்.

முன்பு 3,000 மைலுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார்கள். சிந்தெடிக் ஆயில் ஊற்றும் இன்றைய கார்கள் பல 7,500 முதல் 10,000 மைல் வரை தாங்குகின்றன. குறைவாக ஓட்டும் முதியவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலைதான் இது.

கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றிவிடக் கூடாது. ஒரு காரின் கழிவு ஆயில் 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை எச்சரிக்கிறது. உதிரிபாகக் கடைகள் பலவும் அதை இலவசமாகவே வாங்கிக்கொள்கின்றன. கேனைத் தூக்கிச்செல்லப் பேரனைக் கூப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.