உடம்புக்கு ஒத்துக்கல

எங்கள் பக்கத்தில் மருந்தைப் பற்றிப் பேச ஒரு சொல் உண்டு: 'ஒத்துக்கல'. ஊசி ஒத்துக்கல, மாத்திரை ஒத்துக்கல, டவுன் தண்ணி ஒத்துக்கல. பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் என் அத்தை, காசநோய் மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் அதைத்தான் சொன்னார். "கண்ணு, இந்த மாத்திர எனக்கு ஒத்துக்கல. சோத்தப் பாத்தாலே கொமட்டுது." மாத்திரை வாங்கும் இடத்திலும் சொல்லியிருக்கிறார். கிடைத்த பதில்: "மாத்திர சூடும்மா, மோர் குடிங்க. நிறுத்த மட்டும் கூடாது."

அத்தை நிறுத்தவில்லை. ஐந்தாவது வாரம் கண் மஞ்சளானது. யாரோ கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். காலையில் கீழாநெல்லி, அதற்குப் பிறகு அதே மாத்திரை, உப்பில்லாப் பத்தியம். பேச்சு குழற ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அதே தெருவில், அதே மாதம் மாத்திரை ஆரம்பித்த இன்னொருவர் இருந்தார். எனக்கு மாமா முறை. பொழுது சாய்ந்தால் டாஸ்மாக் வாசலில் நிற்பவர். ஆறு மாதமும் மாத்திரையை முழுங்கினார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத அத்தையின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று எங்களிடம் கேட்டார்கள்: "குடிப்பழக்கம் உண்டா?" இல்லை என்றதும் அடுத்த கேள்வி: "அப்ப பத்தியத்துல ஏதாவது தப்பு பண்ணீங்களா?"

எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊழியர் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது ஒரு ஆளின் தவறாகச் சுருங்கிவிடும். அந்த ஊழியர் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னார். எனக்குச் சண்டை அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்படாததோடு. ஏனென்றால் அத்தைக்கும் மாமாவுக்கும் ஏன் ஒரே மாத்திரை இரண்டு விதமாக வேலை செய்யக்கூடும் என்பது, தருமபுரியிலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையில் 60 வருடங்களாகத் தெரிந்த விஷயம்.

*

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் தருவது நான்கு மருந்துகள்: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புடால். இதில் முதல் மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. ஐசோனியாசிட்டைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைப் பெரும்பாலும் கல்லீரலில் உள்ள ஒரு நொதி செய்கிறது. அதைச் செய்யச் சொல்லும் மரபணுவின் பெயர் என்.ஏ.டி.2. இந்த மரபணுவில் நமக்குள் வேறுபாடு உண்டு. சிலருக்கு நொதி வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மந்தமாக.

மருந்து சிதையும்போது வழியில் நச்சுத்தன்மை உள்ள சில துண்டுகள் உண்டாகின்றன. அவற்றைக் கெடுதல் இல்லாத பொருளாக மாற்றுவதும் அதே நொதிதான். நொதி மந்தமாக இருப்பவருக்கு மருந்தும் அதிக நேரம் தங்குகிறது, நச்சுத் துண்டுகளும் தேங்குகின்றன. கூடவே சாப்பிடும் ரிஃபாம்பிசின், அந்த நச்சு உண்டாகும் பாதையை இன்னும் முடுக்கிவிடுகிறது. அத்தை 'ஒத்துக்கல' என்று சொன்னது இதையாக இருக்கலாம். அவரிடம் யாரும் மரபணுச் சோதனை செய்யவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லை வைத்தே ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாம்.

*

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையத்தை ஆரம்பித்தன. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைக்க வேண்டாம், வீட்டில் வைத்தே குணமாக்கலாம் என்று 1959-ல் உலகத்துக்குச் சொன்ன இடம். இந்தப் பெருமையை நாம் அடிக்கடி பேசுகிறோம். அதே இடத்திலிருந்து வந்த இன்னொரு கண்டுபிடிப்பைப் பேசுவதே இல்லை.

1960-களில் அங்கே ஐசோனியாசிட்டை யார் வேகமாகச் சிதைக்கிறார்கள், யார் மெதுவாகச் சிதைக்கிறார்கள் என்று நோயாளிகளைச் சோதித்தார்கள். தென்னிந்திய நோயாளிகளில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் மெதுவாகச் சிதைப்பவர்கள். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேகமாகச் சிதைப்பவர்களுக்கு நோய் சரியாகக் கட்டுப்படவில்லை. தினமும் கொடுத்தால் அந்த வித்தியாசம் காணாமல்போனது.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு திட்டத்தை நடத்துபவருக்கு முக்கியமான கேள்வி: கிருமி சாகுமா, சாகாதா? தினசரி மருந்தில் இருவருக்கும் கிருமி சாகிறது. ஆகவே மெது, வேகம் என்ற பிரிவினை தேவையற்றதாகிவிட்டது. மெதுவானவரின் கல்லீரல் என்ன ஆகும் என்பது கிருமியின் கேள்வி இல்லை, உடம்பின் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க, திட்டத்தின் பதிவேட்டில் கட்டம் இல்லை.

ஆனால் அதே சென்னை மையம் ஒருமுறை உடம்பின் கேள்வியையும் கேட்டது. ஐசோனியாசிட் அதிக அளவில் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கைகால் எரிச்சலும் மரத்துப்போதலும் வந்தன. பெரும்பாலும் மெதுவாகச் சிதைப்பவர்களுக்கு. அதற்கு என்ன செய்தார்கள்? எல்லாருக்கும் மரபணுச் சோதனையா? அப்போது அது கிடையவே கிடையாது. பி6 வைட்டமினைச் சிறிய அளவில் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று கண்டுபிடித்தார்கள். இன்றும் காசநோய் மருந்தோடு பி6 சேர்த்து எழுதுவது வழக்கம். யாருக்கு மரபணு எப்படி என்று தெரியாமலே, அந்த வேறுபாடு இருக்கிறது என்ற அறிவை மட்டும் வைத்து எல்லாரையும் காப்பாற்றிய மலிவான வழி அது.

நரம்புக்குச் செய்ததைக் கல்லீரலுக்கு ஏன் செய்யவில்லை? என் கட்டுரை மொத்தமும் இந்த ஒரு கேள்விதான்.

*

ஜப்பானியர்களில் மெதுவாகச் சிதைப்பவர்கள் பத்தில் ஒருவர்தான். அப்படியும் அங்கே மரபணுவைப் பார்த்து ஐசோனியாசிட் அளவை மாற்றிக் கொடுக்கும் ஒரு ஆய்வு நடத்தி 2013-ல் வெளியிட்டார்கள். மெதுவானவர்களுக்கு வழக்கமான அளவில் பாதி. அப்படிப் பாதி வாங்கியவர்களில் ஒருவருக்குக்கூட அந்த மருந்தால் கல்லீரல் பாதிக்கப்படவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் பத்தில் ஒருவருக்காக அவர்கள் இவ்வளவு யோசித்தார்கள். பத்தில் ஆறு பேர் இருக்கும் நாம், எடையைப் பார்த்து மாத்திரையை எண்ணித் தருகிறோம். 35 முதல் 49 கிலோ என்றால் 3 மாத்திரை, 50 முதல் 64 கிலோ என்றால் 4. நான்கு மருந்தும் ஒரே மாத்திரைக்குள் இருப்பதால், ஒன்றை மட்டும் குறைக்கவும் வழியில்லை.

இதன் விலை என்ன? தருமபுரிக்காரர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூருதான் பக்கம். அங்கே செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஹர்ஷத் தேவர்பாவியின் குழு, மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டு வந்த 313 பேரைப் பற்றி 2010-ல் எழுதியது. அவர்களில் 58 சதவீதம் பேரைத் தாக்கியது காசநோய் மருந்து. 313 பேரில் 17 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். பெரிய மருத்துவமனை வரை வந்து சேர்ந்தவர்களின் கணக்கு இது. வராதவர்களை ஊரில் 'காமாலை வந்து செத்தான்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

*

இந்த இடத்தில் இரண்டு குரல்கள் குறுக்கே வரும். இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை.

முதல் குரல்: "இங்கிலீஷ் மருந்தே அப்படித்தான், நம்ம உடம்புக்கு நம்ம மூலிகைதான் ஒத்துக்கும்." கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைக் கஷாயம் வைத்துக் குடித்துக் கல்லீரல் பாதித்த 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, பாதிப்பு பொய்யாகிவிடவில்லை. அமெரிக்காவில் மஞ்சள் கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதித்த 10 பேரை ஆராய்ந்ததில், 7 பேருக்கு எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை, பாட்டிலில் விற்கும் செறிவான சரக்கைச் சொல்கிறேன். மூலிகைக்கும் மரபணு உண்டு, இல்லை இல்லை, மூலிகை போய்ச் சேரும் உடம்புக்கு மரபணு உண்டு. கல்லீரலுக்கு நாட்டு மருந்து, சீமை மருந்து என்ற பேதம் தெரியாது.

இரண்டாவது குரல் படித்தவர்களுடையது. "இனிமேல் எல்லாம் ஜீனோம்தான், ஒவ்வொருவருக்கும் தனி மருந்து வந்துவிடும்." 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியை வாசித்து முடித்ததாக 2024-ல் அரசு அறிவித்தது. நல்ல வேலை, வேண்டிய வேலை. ஆனால் அந்த எதிர்காலத்துக்காகச் சித்தேரி மலைக்காரர் இன்று காத்திருக்க முடியாது. தவிர, மெதுவாகச் சிதைப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காமாலை வருவதில்லை. வயது, எடைக்குறைவு, மஞ்சள்காமாலை பி கிருமி, குடி எல்லாம் சேர்ந்துதான் கல்லீரலைச் சாய்க்கின்றன. 60 சதவீதம் என்பது கூட்டத்தின் கணக்கு. அதை வைத்து எந்தச் சாதிக்கு எந்த ஈரல் என்று பேச ஆரம்பிக்கிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். தனி ஆளின் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று அந்த ஆளின் ரத்தம்தான் சொல்லும்.

*

கேட்பது ரொம்பச் சாதாரணமானது. மாத்திரை ஆரம்பிக்கும் நாளில் ஒருமுறை, இரண்டாவது வாரம் ஒருமுறை, நான்காவது வாரம் ஒருமுறை, எல்லாருக்கும் கட்டாயமாக எஸ்.ஜி.பி.டி., பிலிருபின். இன்று சாதாரணக் காசநோய்க்கு, பழைய கல்லீரல் நோயோ குடியோ அறிகுறியோ இருந்தால்தான் இதைப் பார்க்கிறார்கள். அறிகுறி என்பதை 'மாத்திர சூடு' என்று மொழிபெயர்க்கும் ஊரில் அது போதாது.

நியாயமான ஓர் எதிர்ப்பு உண்டு. பலருக்கு நொதி அளவு லேசாக ஏறித் தானாக இறங்கிவிடும். எல்லாருக்கும் சோதித்தால் தேவையில்லாமல் மருந்தை நிறுத்துவார்கள், காசநோய் முற்றும் என்கிறார்கள். உண்மைதான். அதற்காகத்தான் எல்லை வகுத்திருக்கிறார்கள்: குமட்டல், காமாலை போன்ற அறிகுறி இருந்து மூன்று மடங்கு தாண்டினால் நிறுத்து, அறிகுறி இல்லாவிட்டால் ஐந்து மடங்கு தாண்டினால் நிறுத்து. எண்ணைப் பார்த்து முடிவெடுக்கப் பயிற்சி கொடுக்கலாம். எண்ணே கையில் இல்லாதவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

பணியாளர்களால் முடியாது என்றும் சொல்லாதீர்கள். 2022-ல் தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லா திட்டம்' ஆரம்பித்தது. நோயைக் கண்டுபிடித்ததும் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தான நிலையில் உள்ளவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இந்தியாவில் இதை முதலில் செய்த மாநிலம் நாம். அதே ஊழியர்கள்தான், அதே ஆரம்ப சுகாதார நிலையம்தான். அந்தப் பட்டியல் முதல் நாளோடு முடிந்துவிடுகிறது. மாத்திரை உள்ளே போன பிறகு வரும் ஆபத்துக்கும் அதில் ஒரு வரி சேருங்கள் என்கிறேன்.

அத்தை பிழைத்துக்கொண்டார். எல்லா மாத்திரையையும் நிறுத்தி, கல்லீரல் தேறிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தார்கள், இந்தமுறை ரத்தம் பார்த்துப் பார்த்து. இப்போது நோயும் இல்லை. ஊரில் மட்டும் இன்னும் கேட்கிறார்கள், "அப்போ என்னத்தச் சாப்ட்டு காமால வந்துச்சு?" அத்தை ஒவ்வொருமுறையும் பதில் சொல்கிறார், தப்பு செய்தவர் மாதிரி. "நா ஒண்ணும் சாப்புடல சாமி. குடுத்த மாத்திரயத்தான் சாப்ட்டேன்."