பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீங்க!

"லேப்டாப் ஆமையா நகருதுக்கா, எடைக்குப் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுப் பெண். "குழந்தையோட முதல் பிறந்தநாள் போட்டோவெல்லாம் அதிலேதானே இருக்கு? பொறு!" என்றேன்.

சகோதரிகளே, பெரும்பாலும் கெட்டுப்போவது இயந்திரமல்ல. விண்டோஸின் பாரம்தான் அதற்குத் தாங்கவில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. மாற்று வழி, லினக்ஸ் மின்ட். காசு கிடையாது! அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பில் திரை அலங்காரம் குறைவு, அதனால் இலேசு. 64 பிட் கம்ப்யூட்டரில் 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம் இருந்தால் போதும். 4 ஜிபி ராம் என்றால் சௌகரியம்.

முதல் வேலை, போட்டோக்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்து, திறந்தும் பார்த்துவிடுங்கள். டிஸ்க் முழுவதிலும் மின்ட்டை நிறுவினால் பழையது அத்தனையும் அழிந்துவிடும்.

அடுத்து, மின்ட்டை டவுன்லோடு செய்து, 'எட்ச்சர்' மூலம் 8 ஜிபி காலிப் பென்டிரைவில் ஏற்றுங்கள். அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். வைஃபை, சத்தம், கேமரா எல்லாம் சரியா என்று பதம் பார்த்த பிறகே நிறுவுங்கள்.

பயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் கூடவே வரும். விண்டோஸுக்கென்றே செய்த சில புரோகிராம்கள் மட்டும் ஓடாது. குழந்தையின் பள்ளியில் அப்படி ஏதும் கேட்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு இறங்குங்கள்!