எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?

சாவு வீட்டில் சிரிப்பு வருவது தப்பா சார்? தப்போ சரியோ, வருகிறது. அடக்க அடக்க வருகிறது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினால், பக்கத்தில் இருப்பவர் "பாவம், ரொம்பப் பாசம்" என்று முதுகைத் தடவிவிடுகிறார்.

பெரியப்பா போனது நல்ல வயசில். எண்பதைத் தாண்டி, பேரன் பேத்தி பார்த்து, காலையில் காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கல்யாணச் சாவு. இந்த மாதிரி சாவுக்கெல்லாம் ஒரு காலத்தில் அழுகையும் கேலியும் ஒரே பந்தலில்தான் நடக்கும். மேளம் உண்டு, வெடி உண்டு, பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம் உண்டு. ஒப்பாரி வைக்கிற கிழவி ராகம் பிசகாமலேயே, பங்கு கொடுக்காத கொழுந்தனை நாலு அடியில் நாறடித்துவிட்டு மூக்கைச் சிந்துவாள். போனவரின் கஞ்சத்தனம், குறட்டை, சீட்டாட்டம் எல்லாம் பாடை கட்டுகிற இடத்தில் அலசப்படும். சிரிப்பு அவரைப் பற்றியதாக இருந்தது.

இப்போதும் சிரிப்புக்குக் குறைவில்லை. அதில் செத்தவரைத்தான் காணோம்.

ஃப்ரீசர் பாக்ஸ் வருவதற்கு முன்னாலேயே தெருமுனைக்கு ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. 'கண்ணீர் அஞ்சலி'. பெரியப்பா படம் ஏதோ கல்யாண ஆல்பத்தில் வெட்டியது. அவர் தோள்மேல் மோதிரம் போட்ட ஒரு கை இருக்கிறது, கைக்குச் சொந்தக்காரர் இல்லை. கீழே வரிசையாகப் பையன்கள். கூலிங் கிளாஸ், காதில் செல்போன், பல் தெரியச் சிரிப்பு. அஞ்சலி செலுத்துகிற முகமா அது? அவர்களில் ஒருத்தரையும் பெரியப்பாவுக்குத் தெரியாது. ஆனால் வார்டு எலெக்‌ஷனுக்கு எல்லோரும் தெரிந்தாக வேண்டுமே!

பாக்ஸ் வந்தது. மத்தியானம் பார்த்தால் கண்ணாடி முழுக்க வேர்த்து வழிகிறது. என்னடா என்று ஒயரைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு புண்ணியவான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு போனைச் சார்ஜில் போட்டிருக்கிறான். "ரெண்டு பர்சென்ட்தாண்ணே இருந்துச்சு." என்ன சொல்வது அவனுக்கு?

ஃபேமிலி குரூப் கதை தனி. இறப்புச் செய்திக்கு ஒருத்தர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். இன்னொருத்தர், கண்ணாடி போடாமல்தான் என்று நம்புகிறேன், கேக் படம் போட்டிருந்தார். எப்படிப் போனார், கஷ்டப்பட்டாரா, பெரியம்மா எப்படி இருக்காங்க... ஊஹும். எல்லோருக்கும் ஒரே கேள்வி. "எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?" அரை நாள் லீவா, முழு நாளா என்று முடிவு பண்ண வேண்டும், பாவம். நியூஜெர்சிப் பேரனுக்காக வீடியோ கால் ஓடிக்கொண்டே இருந்தது. வாய்க்கரிசி போடுகிற நேரத்தில் போனுக்குள்ளிருந்து ஒரு குரல்: "அண்ணா, லைட்டுக்கு எதிரே நிக்காதீங்க, தாத்தா இருட்டா தெரியுறார்."

மறுநாள் மின்மயானத்தில் டோக்கன், ஆதார் ஜெராக்ஸ், கையெழுத்து, கலயம். கலயத்தின் வாயில் சிவப்புத் துணி கட்டிக் கொடுத்தார்கள். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, மரத்தில் கட்டித் தொங்கவிடணும் என்றார் பெரிய அத்தை. அபார்ட்மென்ட்டில் மரத்துக்கு எங்கே போக? இருந்த ஒரே வேப்பமரத்தையும் கார் பார்க்கிங்குக்காக வெட்டியாச்சு. அந்த மீட்டிங்கில் வேண்டாம் என்று கை தூக்கியது பெரியப்பா ஒருத்தர்தான். கடைசியில் அதே பார்க்கிங்கில், கார் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க இருந்தார்.

விடிந்ததும் காவிரிக்குப் போனோம். இறங்கின உடனே ஒருத்தர் மறித்துக்கொண்டார். "கரைக்க மட்டுமா, பிண்டத்தோடவா?" குடைக்கம்பியில் க்யூஆர் கோடு தொங்குகிறது. சரி, காசைக் கொடுத்தாயிற்று, தண்ணீர் எங்கே சாமி? ஆடிப்பெருக்குக்கே ஷவர் போட்டுக் குளிக்கவைத்த ஆறு இது. கணுக்கால் அளவுக் குட்டை. அதில் நேற்று வந்தவர்களின் கலயங்கள், வேட்டி, மாலை நார், கேரி பேக். நகராத தண்ணீரில் எதைக் கரைக்க? புண்ணிய நதி, புண்ணிய நதி என்று சொல்லிச் சொல்லியே அதைக் குப்பைத்தொட்டி ஆக்கிவிட்டோம். நாங்களும் எங்கள் பங்குக்குக் கலயத்தைக் கவிழ்த்தோம். எதிர்க்காற்று அடித்தது. பாதி சாம்பல் சித்தப்பா மீசையில்.

சித்தப்பா துடைக்கவில்லை. "உசுரோட இருந்தப்பவும் என் மூஞ்சிக்கு நேராத்தான் கத்துவாரு" என்றார். அவ்வளவுதான், எல்லோரும் வெடித்துவிட்டோம். ரெண்டு நாளில் அவரைப் பற்றி வந்த முதல் சிரிப்பு. புரோகிதர் முறைத்தார். அடுத்த பார்ட்டி வெயிட்டிங்காம்.

பெரிய மனிதர்களுக்காவது ஒழுங்காக நடக்கிறதா? காந்தியின் அஸ்தியில் ஒரு பங்கு 1950-லிருந்து கட்டாக்கில் பேங்க் லாக்கருக்குள் கிடந்தது. கொள்ளுப்பேரன் துஷார் காந்தி கோர்ட்டுக்குப் போய் வாங்கி, 1997 ஜனவரி 30 அன்றுதான் அலகாபாத் சங்கமத்தில் கரைத்தார். உடைமையே வேண்டாம் என்ற மனிதருக்கு லாக்கர்! 2018-ல் வாஜ்பாய் அஸ்தியை நாடு முழுக்க நதி நதியாகக் கொண்டுபோனார்கள் இல்லையா, உத்தரப் பிரதேசத்தில் பஸ்தி பக்கம் குவானோ ஆற்றில் கட்சிக்காரர்கள் ஏறின படகு கவிழ்ந்து, தலைவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரைசேர்க்க வேண்டியதாயிற்று. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் சிரிக்கலாம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஃப்ரீசர் பாக்ஸ்காரர்கள். 'எங்கள் சேவை எப்படி இருந்தது? ஸ்டார் கொடுங்கள். மீண்டும் வாய்ப்பளியுங்கள்.' மீண்டுமா? யாருக்குடா? கோபத்தில் அழிக்கப் போனேன். பெரியம்மா என்னவென்று கேட்டார்கள், படித்துக் காட்டினேன்.

"அஞ்சு ஸ்டாரும் போடுடா. ஏசி வாங்குங்கன்னு நாப்பது வருஷமா கெஞ்சினேன், மனுஷன் அசையலை. பாரு, கடைசியில வாடகைக்கு எடுத்துப் படுத்துட்டுப் போயிருக்காரு."