காஞ்சியில் தோற்றவர்

1962. கழகம் சட்டமன்றத்திலே 15 இடங்களிலிருந்து 50 இடங்களுக்கு உயர்ந்தது; காஞ்சியிலே அண்ணா தோற்றார். படை வென்றது, தளபதி வீழ்ந்தார்! அந்த நாளை எண்ணிக் கண் கலங்குவோர் இன்றும் உண்டு. கலங்கியது போதும், தோழர்களே! அத்தோல்வி அவரை எங்கே அனுப்பியது?

மாநிலங்களவைக்கு. அங்கே 1963-இல், இம்மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' எனப் பெயரிடும் மசோதா வந்தது. கொணர்ந்தவர் தமிழரல்லர்; வங்கத்துப் பொதுவுடைமையாளர் பூபேஷ் குப்தா. (அந்த நன்றியை நாம் அடிக்கடி மறக்கிறோம்.) அதே பெயருக்காக 76 நாள் உண்ணாநோன்பிருந்து 1956-இல் மாண்டார் சங்கரலிங்கனார். அந்தப் பெயரைக் கேட்டபோது, "மாற்றுவதால் என்ன இலாபம்?" என்றனர். பார்லிமெண்டை லோக் சபா என்றும், குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும் மாற்றி நீங்கள் கண்ட இலாபம் யாது எனத் திருப்பிக் கேட்டார் அண்ணா. வாதம் அவர் பக்கம். எண்ணிக்கை அவர்கள் பக்கம். மசோதா வீழ்ந்தது.

காஞ்சியிலும் தோல்வி, தில்லியிலும் தோல்வி! ஆயினும் 1967 ஜூலை 18 அன்று, முதலமைச்சர் அண்ணா கொணர்ந்த அதே கோரிக்கை சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. 1969 ஜனவரி 14 முதல் இது தமிழ்நாடு.

இன்று மக்களவையின் 543 இடங்களிலே நமக்கு 39. தொகுதி மறுவரையறையிலே நம் பங்கு இன்னும் சுருங்குமோ என்ற அச்சம் வேறு. "பேசி என்ன பயன்? வாக்கெடுப்பில் தோற்போமே!" என்கிறான் இளைஞன். அவனிடம் 1963-ஆம் ஆண்டு மாநிலங்களவைக் குறிப்பேட்டைக் கொடுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 39 போதுமா என்பதைப் படித்து முடித்தபின் பேசுவோம்.