அந்தக் காலத்து நிலாவெளி யாருக்கு இனித்தது?

"அந்தக் காலத்து நிலாவெளி மாதிரி வருமா?" திருகோணமலை மாவட்டத்தில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறும் தீர்மானம் இது ஒன்றுதான். ரொறன்ரோவில் சொல்கிறார்கள், லண்டனில் சொல்கிறார்கள், நிலாவெளி வீதித் தேநீர்க்கடையிலும் சொல்கிறார்கள். கால் படாத வெள்ளை மணல், புறாமலையில் புறா, கரைவலைப் பாட்டு, கிண்ணியாத் துறையில் பாதை, நோய்நொடி அறியாத உடம்பு, மூன்று இனமும் ஒரே குடும்பம். பிறகு போர் வந்தது, சுனாமி வந்தது, ஹோட்டல்காரன் வந்தான், எல்லாம் போச்சு. போரும் சுனாமியும் செய்த அழிவை யாரும் மறுக்க முடியாது. அதற்கு முன்னால் இருந்ததாகச் சொல்லப்படும் சொர்க்கம்தான் பொய். வெறும் பொய்யென்றால் பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். அந்தப் பொய்க்கு விலையாக இன்று காணி போய்க்கொண்டிருக்கிறது.

பாதையை எடுத்துக்கொள்வோம். ஆளையும் வாகனத்தையும் ஏற்றித் துறை கடத்திய அந்த மிதவையை நினைத்து உருகாத திருகோணமலைக்காரர் குறைவு. உப்புக்காற்று, கச்சான் கடலைச் சுருள், அக்கரையில் மங்கித் தெரியும் தென்னைகள் என்று எழுதிக்கொண்டே போவார்கள். பாதை அக்கரையில் நிற்கிறது, இக்கரையில் பிரசவ வலியோடு ஒருத்தி வண்டிலில் கிடக்கிறாள் என்பது அந்த எழுத்தில் வராது. இருட்டிய பிறகு வருத்தக்காரரை வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்த குடும்பங்களும் வராது. 2009 ஒக்டோபரில் சவூதி உதவியோடு 396 மீற்றர் நீளப் பாலம் கிண்ணியாவில் திறந்தபோது, துறையின் அழகு போய்விட்டதே என்று கிண்ணியாச் சனம் அழவில்லை. அழுதவர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர்கள்.

பாதையின் மறுபக்கத்தைப் பார்க்க அவ்வளவு பின்னுக்கும் போக வேண்டியதில்லை. அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலத்தைப் புதிதாகக் கட்டும் வேலை இழுபட்டுக்கொண்டிருக்க, மாற்றாக ஓடிய பாதை 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். பாலம் இல்லாத ஊருக்குப் பாதை என்பது அதுதான்.

கரைவலைக்கு வருவோம். நினைவுக் கட்டுரைகளில் அது விடியற்காலையில் கேட்கும் ஒரு பாட்டு. வேலையாகப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். கயிற்றின் ஒரு தலையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். வலையை அரைவட்டமாக வளைத்து விட்டபடி மறுதலையைத் தள்ளி இன்னோரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு இரண்டு வரிசை ஆட்கள். குதிகாலை ஈர மணலில் புதைத்து, உடம்பை மல்லாத்தி, பின்பக்கமாக ஒவ்வோர் அடியாக நடப்பார்கள். கடைசி ஆள் மேட்டுக்கு வந்ததும் கயிற்றைச் சுருட்டுகிறவனிடம் விட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் விளிம்பில் மறுபடி பிடிக்க வேண்டும். மடி கரையேற மணித்தியாலங்கள் ஆகும். உள்ளங்கையில் வெடித்த தோலுக்குள் உப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு அங்கே மகிழ்ச்சியில் பிறந்ததில்லை. இத்தனை பேரின் இழுப்பும் ஒரே நேரத்தில் விழ வேண்டும், அதற்குத் தாளம் தேவை. மடியில் சூடையும் கீரியும் குவிந்தாலும் வலைப் பங்கு, தோணிப் பங்கு, சம்மாட்டி பங்கு கழித்து மிஞ்சியதைத்தான் இழுத்தவர்கள் பிரித்துக்கொண்டார்கள். முற்பணம் வாங்கியவன் கடன் தீரும்வரை வேறு வாடிப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. மடி வெறுமையாக வந்த நாளுக்கும் கடன் ஏறும்.

இழுத்தவனின் மகன் இன்று இயந்திரப் படகு வைத்திருந்தால் "பழைய அழகு போயிற்று" என்று எழுதுகிறோம். யாருடைய அழகு? உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கரைவலை இழுப்பது கடலடியை உழுகிறது என்ற முறைப்பாடு வேறு. அது நியாயமான வழக்கு, மீன் பெருகும் இடங்களைப் பற்றியது. அதையும் இந்த ஏக்கத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டக்கூடாது.

கால் படாத புறாமலை என்பதும் அப்படித்தான். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் அந்தத் தீவை வெள்ளைக்காரர் காலத்தில் சுடும் பயிற்சிக்குப் பாவித்தார்கள். 1963இல் சரணாலயம் ஆனது. 2003இல் தேசியப் பூங்கா ஆனது. காவல் இல்லாமல் கிடந்த வருஷங்களில் முருகைக்கல்லின் மேல் நடந்தவர்களும் அதை உடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனவர்களும் யார்? சுற்றுலா போன நாங்கள்தான். எங்கள் ஊரில் எத்தனை வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் அந்தக் கல் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். இன்று நுழைவுச்சீட்டும் படகு வரிசையும் இருக்கின்றன, நெரிசலும் இருக்கிறது, குறை சொல்ல நிறைய உண்டு. ஆனால் தூய்மையிலிருந்து சீரழிவுக்கு வந்த கதை அதில்லை. வெள்ளை மணல் கரைதான் நிலாவெளி என்ற படத்தையே 1970களின் உல்லாச ஹோட்டல்கள்தான் வரைந்து கொடுத்தன. அதற்கு முன் ஊர்க்காரருக்குக் கடற்கரை என்பது வாடி, கருவாடு, இலையான். ஊர் இருந்தது வீதிக்கு உள்ளே, கிணற்றடியில், வெங்காயப் பாத்தியில். ஹோட்டலைத் திட்டிக்கொண்டே ஹோட்டலின் விளம்பரப் படத்தை எங்கள் நினைவு என்று வைத்திருக்கிறோம்.

நோய்நொடி இல்லாத காலம் என்பதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. உலர் வலயம் முழுக்க மலேரியா. 1940களின் நடுவில் டிடிடி அடிக்கத் தொடங்கும்வரை குளத்தோரக் கிராமங்களில் மண்ணீரல் வீங்காத பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டும். உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012இல். நோய் ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2016இல். எல்லாம் இந்தக் "கெட்டுப்போன" காலத்தில்.

இனி, ஒரே குடும்பம். எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். சோழகம் எழும்பி மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அடித்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். இக்பால்நகர், இறக்கக்கண்டி முஸ்லிம்களுக்கும் நிலாவெளித் தமிழருக்கும் வயல், கடை, கடல் எல்லாவற்றிலும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. ஒருவரின் நோய்க்கு மற்றவர் ஓடியதும் உண்டு. அத்தோடு கரைவலைப் பாடு யாருடையது என்ற சண்டை உண்டு, காணி எல்லைச் சண்டை உண்டு, குடியேற்றங்கள் கிளப்பிய பயமும் உண்டு. 1983 ஜூலையில் திருகோணமலைப் பட்டினத்தில் கடற்படைச் சிப்பாய்கள் தெருவில் இறங்கித் தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்தார்கள். 1984 டிசம்பர் தொடக்கத்தில் வடக்கே கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்கள மீனவக் குடும்பங்களைப் புலிகள் கொன்றார்கள். அதே மாதம் எங்கள் குச்சவெளிப் பிரதேசத்துத் தென்னமரவாடித் தமிழர் ஊரை விட்டு ஓடினார்கள். திரும்பி வர இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் எடுத்தது. ஒரே குடும்பம் இப்படி உடையாது. உடைந்தது, விலைபேசி வாழப் பழகிய அயல். அந்த அயல் எப்படி ஓடியது, சண்டை வந்தால் யார் பேசித் தீர்த்தார்கள், எந்த இடத்தில் அது கைவிட்டது என்று எழுதினால் இன்றைக்கு உதவும். "அண்ணன் தம்பியாய் இருந்தோம்" என்ற ஒற்றை வரி ஒன்றுக்கும் உதவாது. கொன்றவனுக்கும் அது வசதியான வரி, பார்த்துக்கொண்டு நின்றவனுக்கும் வசதியான வரி.

இந்த ஏக்கம் இன்னும் கொஞ்சம் முற்றினால் கல்வெட்டைக் கையில் எடுக்கிறது. நிலாவெளியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சோழர் காலத்தது என்று ஆய்வாளர்கள் கணித்தது, கோணேசர் கோயிலுக்கு 250 வேலி நிலம் விட்டதைச் சொல்கிறது. அருமையான சான்று. மேடைதோறும் அதைக் காட்டி, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எங்கள் நிலம் என்கிறோம். தெற்கிலிருந்து வருகிறவர் திரியாயின் கிரிஹண்டு சேயா என்ற பௌத்தத் தூபியைக் காட்டுகிறார்; அது அதைவிடப் பழையது. அடுத்து என்ன செய்வது? எது பழையதோ அதுவே உரிமை என்று விதி வைத்து ஆடினால், நடுவரும் அவர்கள் ஆள்தான். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கு ஜனாதிபதி செயலணி அமைத்தபோது தலைமை பாதுகாப்புச் செயலாளருக்குப் போனது. முதலில் அறிவித்த பட்டியலில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இல்லை. அந்த ஆட்டத்தில் இறங்கி வெல்லப்போவதாக எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள்.

கல்லும் நாங்கள் விரும்பிய பக்கம் சாய்வதில்லை. பெரியகுளத்துப் பக்கம் இருக்கும் வெல்கம் விகாரையைப் போய்ப் பாருங்கள். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் அதை இராஜராஜப் பெரும்பள்ளி என்கின்றன. சோழர் ஆட்சியில் தமிழர் விளக்கும் பசுவும் கொடையாகக் கொடுத்த பௌத்தப் பள்ளி. சிங்களவருக்கு மட்டும் என்பவருக்கும் அது இடைஞ்சல், பௌத்தம் என்றாலே வேற்றார் என்னும் எங்கள் ஆட்களுக்கும் இடைஞ்சல். அதனால் இரு தரப்பு நினைவுக் கூட்டங்களிலும் அதன் பெயர் அடிபடுவதில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் காணி எப்படிப் போகிறது? வனம் என்று ஒரு வர்த்தமானி, தொல்லியல் என்று ஓர் எல்லைக்கல், அல்லது பத்து வருஷம் தொடர்ந்து ஆண்டதால் எனக்கே சொந்தம் என்று ஓர் அயலவன். இந்தக் கடைசி ஆபத்திலிருந்து தப்ப ஒரு கதவு திறந்தது. போரால் இடம்பெயர்ந்தவருக்கு எதிராக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சொன்னது. வழக்குப் போட இரண்டு வருஷ அவகாசம். அந்த இரண்டு வருஷத்திலும் ஒன்றுகூடல்கள் குறைவில்லாமல் நடந்தன. நினைவு மலர்கள் வழுவழுப்பான தாளில் வந்தன. அட்டையில் புறாமலை அஸ்தமனம். (புறாமலை கிழக்குக் கடலில் இருக்கிறது. அங்கே சூரியன் உதிக்கத்தான் செய்யும்.) அந்தச் சட்டத்தைப் பற்றி அரைப் பக்கம் போட்ட மலர் ஒன்று என் கண்ணில் படவில்லை.

காணி அலுவலருக்குப் புறாவும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். இடம்பெயர்ந்து திரும்பிய ஒருவர் பிரதேச செயலகத்து நடமாடும் சேவையில் போய் நின்றால் அலுவலர் கேட்பது சில்லறை விபரம். அனுமதிப்பத்திரம் அப்பா பெயரிலா, அம்மா பெயரிலா? கிணறு யார் வெட்டியது? கிழக்கு எல்லையில் யார் காணி? எழும்பி ஓடுவதற்கு முந்தின போகம் அதில் என்ன நட்டீர்கள், வெங்காயமா, மிளகாயா, எந்த வருஷம்? நிலாவெளியைப் பற்றி அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசக்கூடியவர் அங்கே விழிக்கிறார். பதில் தெரிந்த பெரியம்மா எண்பது தாண்டி, நினைவு விட்டு விட்டு, வெளிநாட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரிடம் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோய் இன்னும் யாரும் உட்காரவில்லை.