தாது போகிறது, தகடு வருகிறது!

உருக்கு உற்பத்தியில் நமது தேசம் உலகத்தில் இரண்டாவது இடத்தில் நிற்கிறது. 2018-ல் ஜப்பானை முந்தினோம். அன்று முதல் டில்லி மந்திரிகள் மேடைக்கு மேடை இதைச் சொல்லி மார்தட்டுகிறார்கள். சொல்வது பொய்யில்லை. 1950-51-ல் தேசம் முழுவதும் சேர்ந்து வார்த்த உருக்கு ஏறக்குறைய 15 லட்சம் டன். 2024-25-ல் அது 15 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. நூறு மடங்கு! ஊதுலை முன்னே வெந்து நின்ற லட்சக்கணக்கான தொழிலாளிகளின் வியர்வை அது. அதற்காக நாமும் பெருமைப்படுகிறோம். முதலிடத்திலுள்ள சீனா வருஷத்துக்கு 100 கோடி டன் செய்கிறது என்பதை மந்திரிகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அது கிடக்கட்டும்.

நாம் கேட்பது வேறொரு கணக்கு. இவ்வளவு உருக்குச் செய்கிற தேசம், அதே 2024-25-ல் சுமார் 95 லட்சம் டன் உருக்குச் சாமான்களை வெளிநாட்டிலிருந்து வாங்கியிருக்கிறது. விற்றதோ 50 லட்சம் டன்னுக்குள். அதற்கு முந்திய வருஷமும் விற்றதைவிட வாங்கியதுதான் அதிகம். தென்கொரியா, சீனா, ஜப்பான் ஆகிய மூன்று தேசங்களிலிருந்துதான் பெரும்பகுதி வருகிறது. அதே சமயம் 2023-24-ல் நமது துறைமுகங்களிலிருந்து 4 கோடி டன்னுக்கு மேல் இரும்புத்தாது கப்பல் ஏறியிருக்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி சீனாவுக்கு.

பஞ்சாலைத் தோழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஞ்சை மான்செஸ்டருக்கு அனுப்பிவிட்டு அதே பஞ்சை வேஷ்டியாக வாங்கிக் கட்டிய வெள்ளைக்காரன் காலத்துக் கணக்குத்தான் இது. ஒரு டன் உருக்குக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் தாது வேண்டும். கோக் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் வேண்டும். ஊதுலையில் கொட்டி, சூட்டுக்காற்று ஊதி இரும்பாக உருக்க வேண்டும். பிறகு ஆக்ஸிஜன் செலுத்திக் கரியைக் குறைத்து உருக்காக்க வேண்டும். உருட்டுப்பட்டறையில் தகடாகவோ கம்பியாகவோ இழுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் வேலை இருக்கிறது, கூலி இருக்கிறது. தாதாக அனுப்பினால் அந்த வேலையும் கப்பலேறிவிடுகிறது. ஒரு டன் தாதின் விலையைப்போல் நாலைந்து மடங்கு கொடுத்தால்தான் ஒரு டன் தகடு திரும்பி வரும்.

சுரங்க முதலாளிகள் இதற்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். “நாங்கள் அனுப்புவது மட்டரகத் தாது, பொடி; இங்கே அதை யாரும் வாங்குவதில்லை” என்கிறார்கள். மட்டரகத் தாதைக் கழுவிச் செறிவாக்கி உருண்டையாக்கும் வித்தையைச் சீனா கற்றிருக்கிறது. நமது இஞ்சினீயர்களுக்கும் அது தெரியாததல்ல. அதற்கு மூலதனம் போட வேண்டும், லாபம் வரச் சில வருஷம் காத்திருக்க வேண்டும். வெட்டி எடுத்து லாரியில் ஏற்றினால் அன்றே காசு! 2009-10-ல் 11 கோடி டன்னுக்கு மேல் தாது ஏற்றுமதியானதே, அந்தக் காலத்துப் பெல்லாரியை நினைத்துப் பாருங்கள். மலையே காணாமல் போகிற அளவுக்குக் கொள்ளையடித்தார்கள். கடைசியில் 2011-ல் சுப்ரீம் கோர்ட் தலையிட்டுச் சுரங்கத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2022 மே மாதம் சர்க்கார் தாது ஏற்றுமதிக்கு 50 சதவீதத் தீர்வை போட்டது. முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். ஆறே மாதத்தில், அந்த நவம்பரிலேயே, 58 சதவீதத்துக்குக் குறைந்த இரும்புள்ள தாதுக்குத் தீர்வை அடியோடு போய்விட்டது. இவ்வளவு வேகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் மனுவுக்குப் பதில் வந்ததுண்டா?

தேசத்தின் உருக்கு எப்படி வளர்ந்தது என்பதை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுதந்திரம் வந்தபோது ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை, பர்ன்பூரில் ஒன்று, மைசூர் சமஸ்தானத்தின் பத்ராவதி ஆலை, இவ்வளவுதான் சொல்லிக்கொள்ளும்படி இருந்தன. 1956-ன் தொழில் கொள்கை, புதிய உருக்காலைகள் சர்க்கார் துறையில்தான் என்றது. ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனி, துர்காப்பூருக்கு பிரிட்டன், பிலாய்க்கு சோவியத் யூனியன் துணை நின்றன. பிலாய்க்கு சோவியத் கொடுத்த கடனுக்கு வட்டி இரண்டரை சதவீதம். 1955-ல் ஒப்பந்தம், 1959 பிப்ரவரியில் முதல் ஊதுலை எரியத் தொடங்கிவிட்டது. பொக்காரோவுக்கு அமெரிக்காவிடம் கேட்டோம். பொதுத்துறையில் கட்டுவதா என்று அங்கே எதிர்ப்புக் கிளம்பியது. 1963-ல் பேச்சு முறிந்தது. 1965-ல் சோவியத்துடன் ஒப்பந்தமாகி, 1972-ல் அங்கும் உலை எரிந்தது. இன்று உருக்கில் கொழிக்கிற பெரிய கம்பெனிகள் பல, 1991-க்குப் பிறகு கதவு திறந்ததும் வந்தவை. பொதுத்துறை வளர்த்த இஞ்சினீயர்கள், பொதுத்துறை வளர்த்த சந்தை, எல்லாம் தயாராக இருந்தன. 2023-24-ல் தேசம் செய்த 14 கோடியே 40 லட்சம் டன்னில் ‘செயில்’ என்னும் இந்திய உருக்கு ஆணையத்தின் பங்கு 2 கோடி டன்னுக்கும் குறைவு.

இதில் விசாகப்பட்டினத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1966-ல் ‘விசாக உருக்கு ஆந்திரர் உரிமை’ என்று அந்த ராஜ்யமே எழுந்தது. துப்பாக்கிப் பிரயோகங்களில் 32 பேர் உயிர் விட்டார்கள். கம்யூனிஸ்டுகள் உள்ளிட்ட எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்கள் பதவியைத் தூக்கி எறிந்தார்கள். 1970-ல் இந்திரா காந்தி பார்லிமெண்டில் ஆலையை அறிவித்தார். 60-க்கும் மேற்பட்ட கிராமங்களின் நிலம் அதற்குப் போயிற்று. ஆலை தேசத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது 1992-ல். கடற்கரையில் அமைந்த பெரிய உருக்காலை. வருஷத்துக்கு 73 லட்சம் டன் செய்யக்கூடிய சக்தி படைத்தது.

ஆனால் அதற்குச் சொந்தத்தில் ஒரு இரும்புச் சுரங்கம்கூடக் கிடையாது! பிலாய்க்கு டல்லி ராஜ்ஹரா சுரங்கம் உண்டு. டாட்டாவுக்கு உண்டு. விசாகப்பட்டினம் மட்டும் சந்தை விலைக்கு வாங்கித்தான் உலையில் போட வேண்டும். இதிலுள்ள கூத்தைக் கேளுங்கள். பஸ்தார் காட்டிலுள்ள பைலாடிலாவில் உயர்ந்த ரகத் தாது இருக்கிறது. வெட்டுவது சர்க்கார் கம்பெனியாகிய தேசிய கனிவள வளர்ச்சிக் கழகம். கிரந்தூலிலிருந்து மலைகளைக் குடைந்து விசாகப்பட்டினம் பக்கம் கொத்தவலசை வரை ரயில்பாதை போட்டது 1960-களில். எதற்கு? ஜப்பானுக்குத் தாது அனுப்புவதற்கு! அந்த விசாகப்பட்டினத்திலேயே சர்க்காரின் உருக்காலை நிற்கிறது. அதே சர்க்காரின் இன்னொரு கம்பெனியிடம் விலை கொடுத்துத் தாது வாங்கிக் கடன்படுகிறது. தகப்பன் ஒரு மகனிடம் நெல்லைக் கொடுத்துவிட்டு, இன்னொரு மகனை அவனிடம் கடை விலைக்கு அரிசி வாங்கச் சொன்னால் அந்தக் குடும்பத்தை என்னவென்று சொல்வோம்?

நஷ்டம் வந்தது. வராமல் என்ன செய்யும்? 2021 ஜனவரியில், அந்த ஆலையை நூற்றுக்கு நூறும் தனியாருக்கு விற்பதென்று டில்லி மந்திரிசபை கொள்கை அளவில் தீர்மானித்தது. அடுத்த மாதமே தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஊர் ஜனங்களும் விவசாயிகளும் கூடவே வந்தார்கள். வருஷக் கணக்கில் பந்தல் கலையவில்லை. விற்பனை நடக்கவில்லை. 2025 ஜனவரியில் 11,440 கோடி ரூபாய் புனரமைப்புத் தொகை அறிவிக்க வேண்டியதாயிற்று. இது போராட்டம் பிடுங்கிய தொகை. யாரும் தானமாகக் கொடுத்ததில்லை. ஆனாலும் சுரங்கம் ஒதுக்கப்படவில்லை. சுரங்கம் இல்லாமல் கொடுக்கிற பணம் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர். போதாக்குறைக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்; அதை எதிர்த்து 2025 மே மாதம் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது.

நமது சேலத்துக்கும் இதே சரித்திரம்தான். கஞ்சமலையில் தாது, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, இரண்டையும் சேர்த்து உருக்காலை வேண்டும் என்று தமிழகம் கேட்டது. 1970-ல் அடிக்கல். 1981-ல் ஓடத் தொடங்கியது, வெளியிலிருந்து வந்த சுருளைக் குளிர்முறையில் உருட்டித் துருப்பிடிக்காத தகடாக்கும் ஆலையாக. உருக்கைச் சொந்தமாக வார்க்கும் கூடம் 2010-ல்தான் வந்தது. அதற்குள் நஷ்டப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 2019 ஜூலையில் விலைக்குக் கூவினார்கள். தொழிலாளர்கள் குடும்பத்தோடு தெருவில் இறங்கினார்கள்.

உலையருகே நிற்கிறவன் நிலை என்ன? 2000-வாக்கில் ‘செயில்’ ஆலைகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் நிரந்தரத் தொழிலாளர்கள் இருந்தார்கள். இன்று 60 ஆயிரத்துக்கும் குறைவு. உருக்கு குறைந்ததா? இல்லை, கூடியிருக்கிறது. ஓய்வு பெற்றவன் இடத்தில் ஒப்பந்தக்காரனின் ஆள். பயிற்சியும் குறைவு, கூலியும் குறைவு. சாவு மட்டும் பாரபட்சம் பார்ப்பதில்லை. 2012 ஜூனில் விசாகப்பட்டினத்தில் 19 பேர். 2018 அக்டோபரில் பிலாயில் வாயுக் குழாய் வெடித்துப் பத்துப் பேருக்கு மேல். 2021 ஜனவரியில் ரூர்கேலாவில் விஷவாயு தாக்கி நால்வர். நால்வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இரண்டாவது இடம் என்று மார்தட்டுகிறவர்கள் இந்தப் பெயர்ப்பட்டியலையும் அதே மேடையில் வாசிக்கட்டும்.

வெளிநாட்டு உருக்கு மலிவாக வந்து குவிகிறது என்று சொல்லி, 2025 ஏப்ரலில் தட்டை உருக்குச் சாமான்கள்மீது 12 சதவீதப் பாதுகாப்புத் தீர்வை போட்டது சர்க்கார். உள்நாட்டுத் தொழிலைக் காப்பதற்கு நாம் விரோதிகள் அல்ல. கொரியத் தகடும் சீனத் தகடும் நமது உலைகளை அணைப்பதை எந்தத் தொழிலாளி விரும்புவான்? ஆனால் பாதுகாப்பு யாருக்குப் போய்ச் சேருகிறது? வெளிச் சரக்கின் விலை ஏறியதும் உள்ளூர்க் கம்பெனி தன் விலையையும் அதற்குச் சமமாக ஏற்றிக்கொள்கிறது. கோயம்புத்தூரின் பம்புப் பட்டறையும் திருச்சியின் கொதிகலன் பட்டறையும் அதைக் கொடுத்துத் தீர வேண்டும். முடியாத பட்டறைக்காரன் முதலில் ஆளைத்தான் நிறுத்துகிறான். 2021-ல் உருக்குக் கம்பெனிகள் கூடிப் பேசி விலையை ஏற்றிவிட்டன என்று கோவைக் காண்டிராக்டர்கள் சங்கமே கோர்ட்டுக்குப் போயிற்று. பிறகு போட்டி ஆணையம் விசாரணையை எடுத்துக்கொண்டது. காண்டிராக்டர்களே கதறுகிறபோது கொத்தனாரும் சித்தாளும் என்ன பாடுபட்டிருப்பார்கள்! 1992 வரை பெரிய ஆலைகளின் உருக்கு விலையைச் சர்க்கார்தான் நிர்ணயித்தது. தீர்வை போடத் தெரிந்த கைக்கு, தீர்வையால் லாபமடைகிற கம்பெனியின் விலைக்கு உச்சவரம்பு கட்டத் தெரியாதா?

கடைசியாக, கிராமத்துக்கு வருவோம். உலகத்தில் ஆளுக்கு வருஷத்துக்கு 200 கிலோவுக்கு மேல் உருக்கு உபயோகமாகிறது. நமது தேசத்தில் இப்போதுதான் 100 கிலோவை எட்டுகிறோம். இது நகரத்துப் பாலங்களையும் மாடிக் கட்டிடங்களையும் மோட்டார் கார்களையும் சேர்த்த சராசரி. கிராமத்தில் எவ்வளவு? சில வருஷங்களுக்கு முன் மத்திய மந்திரிகளே சொன்ன கணக்கு சுமார் 20 கிலோ. ஒரு மண்வெட்டி, ஒரு அரிவாள், இரண்டு குடம், கூரைக்கு ஒரு தகரம் என்று தஞ்சை வயலில் நிற்கிற விவசாயத் தொழிலாளி எண்ணிப் பார்த்தால் அவருக்கே கணக்கு விளங்கிவிடும். 2030-31-க்குள் 30 கோடி டன் உற்பத்திச் சக்தி என்று 2017-ன் தேசிய உருக்குக் கொள்கை இலக்கு வைத்திருக்கிறது. அந்த 30 கோடி டன்னை யார் வாங்குவது? இன்னும் ஓலைக் குடிசையில் இருக்கிறவனுக்குக் கம்பி போட்ட வீடும், அந்த வீட்டுக்கான கூலியும் கிடைத்தால் உள்நாட்டிலேயே சந்தை இருக்கிறது. கீழ்வெண்மணி வட்டாரத்துக் காலனிகளில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளின் கூரைகளைப் போய்ப் பார்க்கட்டும் அந்த மந்திரிகள். சிமெண்டு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது.